நோயாளியிடம் பட்ட கடன்

நோய் தீர்க்கும் பணியில் பங்கு கொள்வோர் எவர் என்று கேட்டால், மருத்துவர் என்றே நம்மிற் பலரும் விடை சொல்வோம். திருவள்ளுவர் அவ்வாறு சொல்லி நிறுத்தவில்லை. 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, நான்காவதாக 'உழைச்செல்வான்' ஒருவன். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் இருந்து, மருந்தை உரிய பொழுதில் ஊட்டி, அவனைக் காத்து நிற்பவனே உழைச்செல்வான். அந்த நான்காம் இடத்தில் இன்று நிற்பவரைத்தான் செவிலியர் என்று அழைக்கிறோம்.

இந்தப் பணிக்கு ஒருவர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகிறார்? உடற்கூற்றையும் மருந்தியலையும் நூல்களிற் கற்கலாம். நாடி பிடிப்பதையும், ஊசி போடுவதையும், படுக்கையிற் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பதையும் நூலிற் கற்க இயலாது. அவற்றை உயிருள்ள ஒரு மனிதரின் உடலிலேதான் கற்க வேண்டும். அந்த மனிதரோ நமக்குக் கல்வி தருவதற்காக மருத்துவமனைக்கு வந்தவர் அல்லர். தம் துன்பம் தீர வந்தவர். அப்படியானால், அவரிடம் கற்கும் உரிமை மாணவிக்கு எங்கிருந்து வருகிறது? சிதம்பரத்திலும் கடலூரிலும் மருத்துவமனைகளிற் பயிற்சி பெற்றுச் செவிலியரானவள் என்ற முறையில், இந்த வினாவை முன்வைத்தே அப்பயிற்சியை உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் பகுதியாக 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. பல்கலைக்கழகத்தின் ஆட்சியை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் 2021இல் மருத்துவக் கல்லூரியும், அதனோடு சேர்ந்த பல் மருத்துவக் கல்லூரியும் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. வடக்கே கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. நெல் விளையும் காட்டுமன்னார்கோயில், புவனகிரிப் பக்கத்து உழவர்களும், கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கரையோர மீனவர்களும், முந்திரிக் காடுகளில் உழைக்கும் பண்ணுருட்டிப் பகுதிப் பெண்களும் நோயுற்றால் நாடிவரும் இடங்கள் இவை. செவிலியர் பயிற்சிக்கு இவர்களே ஆசிரியர் என்றாற் பிழையாகாது.

நோயுற்றவரைப் பேணும் மரபும் இம்மண்ணுக்குப் புதியதன்று. இன்று கடலூரின் பகுதியாக விளங்கும் திருப்பாதிரிப்புலியூர், அன்று பாடலிபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. அங்கிருந்த சமண மடத்தில் வாழ்ந்த மருணீக்கியார் சூலை நோயாற் பெரிதும் வருந்தித் திருவதிகைக்கு வந்தபோது, அவரை ஏற்று ஆற்றுவித்தவர் அவருடைய தமக்கையார் திலகவதியார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தத் தம்பியே பின்னர்த் திருநாவுக்கரசர் ஆனார். ஆனால் தமக்கை தம்பியைப் பேணுவது உறவின் வழிவந்த கடமை. முன்பின் அறியாத ஒருவரை அதே அக்கறையோடு பேணுவதற்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

அந்தப் பயிற்சி நோயாளியிடம் தொடங்குவதில்லை. கல்லூரியின் செய்முறைக் கூடத்திலே தொடங்குகிறது. அங்கே கட்டிலில் ஒரு மனிதப் பொம்மை படுத்திருக்கும். தோலும் நரம்பும் போன்ற அமைப்புடைய ரப்பர்க் கை ஒன்று மேசைமேல் இருக்கும். ஆசிரியை ஒவ்வொரு செயலையும் செய்து காட்டுவார். பிறகு மாணவி அதனை அவர் முன்னிலையில் திரும்பச் செய்து காட்ட வேண்டும். கை கழுவுதலில் ஒரு படி விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரப்பர்க் கையில் நூறு முறை ஊசி ஏற்றியவர்க்கும் ஒன்று மட்டும் அங்கே கிட்டாது. ரப்பர்க் கை பின்னுக்கு இழுத்துக்கொள்வதில்லை, அச்சத்தால் வியர்ப்பதில்லை, "வலிக்குமா?" என்று கேட்பதுமில்லை.

வார்டுக்குள் நுழைந்ததும் மாணவிக்குத் தரப்படும் முதற்பணி ஊசியன்று. படுக்கை விரித்தல், வெந்நீரில் துணியை நனைத்து உடல் துடைத்தல், வாய் கழுவுதல், தலை வாருதல் ஆகியவையே முதல் வாரங்களின் பாடம். பட்டப்படிப்புக்கு வந்து படுக்கை விரிப்பதா என்று எங்களிற் சிலருக்கு மனக்குறை இருந்தது. அதன் காரணம் மெல்ல விளங்கிற்று. உடல் துடைக்கும்போதுதான் முதுகின் அடியிலும், இடுப்பெலும்பின் மேலும், குதிகாலிலும் தோல் சிவந்திருப்பது கண்ணிற் படும். எலும்பு துருத்தி நிற்கும் அந்த இடங்களில் உடலின் எடை நெடுநேரம் அழுந்தினால் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழியத் தொடங்கும். அதுவே படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதன் வாயிலாக அதனைப் பெரும்பாலும் தடுக்கலாம். வந்த பின்போ மாதக்கணக்கில் ஆறாமற் கிடக்கும். சிவந்த தோலை முதலிற் காண்பவர் துடைப்பவரே ஆவார்.

அடுத்த பாடம் உடலின் அடிப்படை அறிகுறிகள். வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் என இவை நான்கு. நலமுள்ள வளர்ந்தவரின் நாடி, ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். மூச்சு 12 முதல் 20 வரை வரும். இரத்த அழுத்தம் அளக்கும்போது கைப்பட்டையை இறுக்கி மெல்லத் தளர்த்த, அடைபட்ட குழாயிற் குருதி மீண்டும் பாயும் ஓசை காதிற் கேட்கும். அவ்வோசையைக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் முறையை 1905இல் கண்டுரைத்தவர் கொரோட்காப் என்னும் ரஷ்ய மருத்துவர். இன்று பல வார்டுகளில் மின்கருவியே அளந்து சொல்லிவிடுகிறது. ஆயினும் காதால் கேட்டு அளக்கப் பழகியவரே, கருவி காட்டும் எண் ஐயத்துக்குரியதாக இருக்கையில் அதனைச் சரிபார்க்க வல்லவர்.

இந்நான்கில் எண்ணுவதற்கு எளிதாகத் தோன்றுவதும், உண்மையில் அரிதானதும் மூச்சே. "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்ன மாத்திரத்தில் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடியை எண்ணி முடித்த பின்னும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல், நாடி பார்ப்பது போலவே இருந்து, மார்பின் ஏற்ற இறக்கத்தை முழு நிமிடம் எண்ணுமாறு எங்களுக்குக் கற்பித்தார்கள். நோய் முற்றும்போது ஏனைய அறிகுறிகளுக்கு முன்பே மூச்சின் வேகம் ஏறத் தொடங்குவது உண்டு. காலையில் 18 ஆக இருந்தது நண்பகலில் 22 ஆகி, மாலையில் 28 ஆனால், அந்த மூன்று எண்களும் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்கின்றன. ஒவ்வொரு முறையும் உண்மையாக எண்ணி எழுதியிருந்தால் மட்டுமே அந்தச் செய்தி கிட்டும். எண்ணாமலே எல்லார்க்கும் 20 என்று எழுதிவிட்டால், எச்சரிக்கை வந்ததே தெரியாமற் போகும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். பயிற்சிக் காலத்தில் என் பொறுப்பில் இருந்த நோயாளிகளுள் முதிய மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருக்கு ஊசி போட நான் தட்டோடு சென்று நின்றேன். ஆசிரியை என் அருகில் இருந்தார். மூதாட்டி என்னை ஏறிட்டுப் பார்த்து, "பாப்பா, நீ படிக்கிற புள்ள. ஊசிய பெரிய சிஸ்டரே போடட்டும். நீ வேணும்னா என் தலைய வாரி விடு" என்றார். எனக்கு முகம் வாடிற்று. ஆசிரியையோ சிறிதும் தயங்காமல், "சரிங்க பாட்டி, அப்படியே ஆகட்டும்" என்று சொல்லித் தாமே ஊசி போட்டார். வெளியே வந்த பின் என்னிடம், "அவர் உனக்கு ஊசியை மறுக்கவில்லை. தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்தார். அதைக் கேட்டு நடப்பதும் உன் பாடம்" என்றார். மூதாட்டி வீடு திரும்பும் வரை என்னை ஊசி போட விடவே இல்லை. நாள்தோறும் நான் தலை வாரி விட்டேன். அப்போதெல்லாம் தமக்கு இரவில் மூச்சு முட்டுவதையும், தலையணையை உயர்த்தி வைத்தாலன்றித் தூக்கம் வராததையும் அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மருத்துவரிடம் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. அச்செய்தியை நான் குறிப்பேட்டில் எழுதினேன். வார்டு சிஸ்டரிடமும் தெரிவித்தேன். படுத்தால் முட்டி, எழுந்தால் தணியும் மூச்சு, இதயம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவர் அவரை அந்நோக்கில் மீண்டும் ஆராய்ந்தார்.

மாணவி நோயாளியிடம் கற்பது ஒரு கடன் என்பதை அப்போதுதான் தெளிவாக உணர்ந்தேன். கல்லூரி அதனைத் தர இயலாது. நோயாளி ஒருவரே தர இயலும். அவர் தராதிருக்கவும் உரிமை உண்டு. தந்தால், கடன் தந்தவர்க்கு இழப்பு நேராமற் பார்த்துக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு. மருத்துவமனைப் பயிற்சியின் விதிகளையெல்லாம் இந்த நோக்கில் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். பொம்மையிற் பழகிய பிறகே உடலைத் தொட வேண்டும் என்ற விதியும், தனித்துச் செய்யாமல் மூத்தவர் கண்முன்னே செய்ய வேண்டும் என்ற விதியும், தான் மாணவி என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும் என்ற விதியும், கற்பதன் விலையை நோயாளி கொடுக்கக் கூடாது என்பதற்காகவே ஏற்பட்டவை.

அந்த விலையை நோயாளிகள் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அதனை மருத்துவ வரலாறு துல்லியமாகப் பதிந்து வைத்திருக்கிறது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் பேறுகால மருத்துவிச்சி மாணவிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பகுதியில் மகப்பேறு அடைந்த தாய்மார்களுள் நூற்றுக்கு 11.4 பேர் இறந்தனர். இரண்டாம் பகுதியில் இறந்தவர் நூற்றுக்கு 2.8 பேரே. மாணவர் பகுதியில் இடம் பெற அஞ்சித் தாய்மார் கெஞ்சுவார்களாம். அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைத் தேடினார். மருத்துவ மாணவர்கள் பிணக்கூடத்திற் பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு, நேரே வந்து தாய்மாரைத் தொட்டு ஆராய்ந்தனர். மருத்துவிச்சி மாணவிகளுக்குப் பிணக்கூட வேலை இல்லை. கிருமியைப் பற்றி உலகம் அறியாத காலம் அது. எனினும் பிணத்திலிருந்து ஏதோ ஒன்று கைவழியே தாயின் உடலுக்குச் செல்கிறது என்று அவர் துணிந்தார். 1847ஆம் ஆண்டின் நடுவில், வெளுப்புச் சுண்ணம் கரைத்த நீரிற் கை கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடலாகாது என்று ஆணையிட்டார். 1848இல் முதற்பகுதியின் இறப்பு நூற்றுக்கு 1.27 ஆகக் குறைந்தது.

நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும், தூய்மை குன்றாது செய்ய வேண்டிய செயலுக்கு முன்னும், உடலின் கழிவோ குருதியோ படக்கூடிய வேலைக்குப் பின்னும், நோயாளியின் கட்டிலையோ பொருளையோ தொட்ட பின்னும் கையைத் தூய்மை செய்ய வேண்டும் என்று ஐந்து பொழுதுகளை உலக நலவாழ்வு அமைப்பு வகுத்திருக்கிறது. சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் 40 முதல் 60 நொடி வரை ஆகும். முப்பது நோயாளிகள் உள்ள வார்டில் இது எத்தனை முறை ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். விரல் தோல் வெடிக்கும். வியன்னாவில் இறந்த தாய்மாரை நினைத்தால் அது பெரிதாகத் தோன்றாது.

மருந்து கொடுப்பதற்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஒரே வார்டில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது நம் ஊர்களில் அரிதன்று. ஆதலால் கட்டில் எண்ணை நம்பாமல் பெயரையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்வோம். குழாய்வழி ஏற்றும் நீருக்குக் கணக்கும் தெரிய வேண்டும். 500 மில்லிலிட்டர் நீரை 4 மணி நேரத்தில் ஏற்றுமாறு மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயானால் மொத்தம் 10,000 சொட்டுகள். நேரமோ 240 நிமிடங்கள். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டுகள் வரும். பள்ளிக்கூடத்தில் வகுத்தற் கணக்கு எதற்கு என்று கேட்கும் இளைய மாணவர்களுக்கு இதனை ஒரு விடையாகச் சொல்லலாம். தளர்ந்த இதயமுடைய முதியவருக்கு அதே நீர் விரைந்து ஏறினால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு திணறும்.

நெல் வயல்கள் நிறைந்த இப்பகுதியின் மருத்துவமனைகளில் மாணவி தவறாமற் கற்கும் பாடம் ஒன்று பாம்புக்கடி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கே நம் நாட்டில் மிகுதியான இறப்புக்குக் காரணமானவை. விரியன் என்ற பெயர் பெற்றிருந்தாலும் கட்டுவிரியன் நாகத்தைப் போல நரம்பைத் தாக்கும் நஞ்சுடையது. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் குருதியை உறையாமற் செய்வன. கடித்தது எது என்று வந்தவர்க்குத் தெரியாது. பெரும்பாலும் இருளில் நேர்ந்திருக்கும். அங்கே மாணவிக்குக் கிடைப்பது எளிய, ஆனால் பெரிய பொறுப்பு. நோயாளியின் குருதியில் 2 மில்லிலிட்டர் எடுத்து, தூய்மையான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். பிறகு ஒருமுறை மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக உறைந்திருந்தால் ஒரு பொருள். நீராய் வழிந்தால் வேறு பொருள். வழிந்தால் விரியனின் நஞ்சு குருதியிற் கலந்திருக்கிறது என்று கொண்டு மருத்துவர் நச்சுமுறி மருந்தை ஏற்றுவார். சோப்புப் பொருளாற் கழுவிய குழாயாக இருந்தால் நல்ல குருதியும் உறையாமல் ஏமாற்றிவிடும். இடையில் ஒருவர் குழாயை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாலும் சோதனை கெடும்.

அந்த இருபது நிமிடமும் மாணவி வாளா இருப்பதில்லை. "மேலே பாருங்கள்" என்று சொல்லி, இமை முழுதும் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கேட்டுக் குறிக்க வேண்டும். இமை தொங்குவதும், எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதும் நரம்பு நஞ்சின் அடையாளங்கள். நச்சுமுறி மருந்து ஏறத் தொடங்கிய பிறகும் தோல் தடிக்கிறதா, மூச்சு இழுக்கிறதா, அழுத்தம் தாழ்கிறதா என்று கண் அகலாமல் காக்க வேண்டும். அம்மருந்தே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவதால் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குருதியின் உறையும் பொருள்களைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். ஆதலால் அத்தனை நேரம் கழித்துக் குழாய்ச் சோதனையை மறுபடியும் செய்வர். நஞ்சுக்கு மருந்து இருக்கிறது. அம்மருந்து எப்போது, எவ்வளவு வேண்டும் என்று மருத்துவர்க்குத் தெரிவிப்பது பக்கத்தில் இருப்பவரின் கண். இதனைக் கேட்போர் ஒன்றை மட்டும் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்: கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தீங்கையே செய்யும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி.

பயிற்சி மருத்துவமனைச் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதில்லை. சில வாரங்கள் ஊர்ப்புறத்துக்கும் செல்கிறோம். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வீடு வீடாகச் சென்றபோது, முறை தலைகீழாக மாறியிருப்பதை உணர்ந்தேன். மருத்துவமனையில் நோயாளி விருந்தினர். இங்கே நாங்கள் விருந்தினர். பாயை உதறி விரித்து உட்காரச் சொன்ன பிறகே அவர்கள் பேசத் தொடங்கினார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நீர் கொடுப்பதை நிறுத்திவிடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரின் பயனை அங்கே விளக்கினோம். குடற்சுவர் சர்க்கரையை உள்ளிழுக்கும்போது உப்பையும் உடன் இழுக்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. போக்கு நிற்காதபோதும் இந்த வழி திறந்தே இருக்கும்.

இதன் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்த நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏதிலிகள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தபோது, மேற்கு வங்காளத்தின் பொங்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோகும் நிலை. திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பெரிய கலன்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினரையே ஊட்டச் செய்தார். அவர் பொறுப்பில் இருந்தவர்களுள் இறப்பு நூற்றுக்கு 30 என்ற நிலையிலிருந்து 3.6 ஆகக் குறைந்தது. அங்கே ஒவ்வொரு தாயும், ஒவ்வொரு உடன்பிறப்பும் உழைச்செல்வார் ஆனார்கள். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கலக்கக் கூடாது என்பதை ஒரு தாய்க்குச் சொல்லி, அவர் கையாலேயே கலக்கச் செய்து பார்த்து வருவது, வார்டில் ஊசி போடுவதற்கு எவ்வகையிலும் குறைந்த வேலையன்று.

இத்தகைய முறையான பயிற்சி நெடுங்கால மரபுடையது அன்று. 1854இல் கிரிமியப் போரில் காயமுற்றவரைப் பேணச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். வார்டிலேயே, அனுபவமிக்க சிஸ்டரின் கீழ், நாள்தோறும் குறிப்பெழுதிக் கற்க வேண்டும் என்ற முறை அங்கே வேரூன்றிற்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1926இல் சென்னை மாகாணத்திலும், 1947இல் நாடு முழுவதற்குமாகவும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் பயனாகவே இன்று பயிற்சி முடித்து, மன்றத்திற் பதிவு செய்துகொண்டவரே செவிலியராகப் பணியாற்றலாம் என்ற காப்பு நோயாளிக்குக் கிடைத்திருக்கிறது.

இரவுப் பணி முடியும் காலை வேளையில் ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று, அடுத்த பணிக்கு வந்தவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்போம். எழுதப்படாத செயல் செய்யப்படாத செயலே என்பது எங்கள் துறையின் வழக்கு. என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எவ்வளவு நீர் அருந்தினார், எவ்வளவு சிறுநீர் வெளியேறிற்று, எதை வேண்டாம் என்றார் என்பனவெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். மாணவி எழுதியதன்கீழ் மூத்தவர் ஒருவரும் கையொப்பமிடுவார். வாங்கிய கடனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் என்று அதனைச் சொல்லலாம்.

இதனைக் கேட்கும் மாணவ மாணவியருள் சிலர் நாளை இத்துறைக்கு வரக்கூடும். ஆண்களும் இன்று இதனைக் கற்கின்றனர். வருவோர்க்கு நான் சொல்லக்கூடியது, முதல் வாரத்துப் படுக்கை விரிப்பைச் சிறிதென எண்ண வேண்டா என்பதே. வராதவர்களும் ஒருநாள் நோயாளியாகவோ, நோயாளிக்குத் துணையாகவோ மருத்துவமனைக்குச் செல்வது உறுதி. அங்கே இளஞ்செவிலி ஒருத்தி தட்டோடு வந்து நின்றால், "நீ மாணவியா?" என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. கை கழுவினாளா என்றும் கேளுங்கள். நன்கு பயின்றவள் அதற்குச் சினந்துகொள்ள மாட்டாள். மனம் ஒப்பாவிட்டால் மூத்தவரை அழைக்கச் சொல்லுங்கள். ஒப்பினால், கையை நீட்டுங்கள். உங்கள் கையில் அவள் கற்றதை, நீங்கள் ஒருநாளும் காணப்போகாத வேறொரு நோயாளிக்குத் திருப்பிக் கொடுப்பாள்.